தெற்கே பார்த்தவள்

திருப்பி வைத்திருக்கிறார்கள். கல்லை மட்டும் திருப்பியிருக்கிறார்கள், ஸ்டாண்டைத் திருப்பவில்லை. நேற்று மாலை நான் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன மாதிரியே மர ஸ்டாண்டு நிற்கிறது. அதன் மேல் எமில்டா அக்கா செதுக்கிய கருங்கல் பெண், நேற்று வாசலைப் பார்த்துக் குனிந்திருந்தவள், இன்று எங்களைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை முன்னால் போட்டுத் துவட்டுகிறவள். முகம் தெரியாது, கூந்தல்தான் தெரியும், முழங்காலுக்குக் கீழே வரை விழும் கல் கூந்தல், பாரம் அத்தனையும் முன்பக்கம். அதனால்தான் தரையோடு படுத்து ஓடும் ஸ்டாண்டின் கால்களை முன்பக்கம் நீளமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் வைத்தேன். அவள் குனிகிற பக்கம் நீளம், முதுகுப் பக்கம் குட்டை. இப்போது குட்டைப் பக்கத்துக்கு மேல் குனிந்து நிற்கிறாள். அவளுக்கு நேர் கீழே, ஜமுக்காளத்தில், பாட வந்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மண்டபத்துத் தூணோரமாக ஓர நாற்காலியில் இருக்கிறேன். ஓர நாற்காலி காலியாக இருந்ததே என்று சந்தோஷப்பட்டுத்தான் உட்கார்ந்தேன், உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. கல்லை இறக்குங்கள், திருப்பி வைத்திருக்கிறீர்கள், விழும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் ஆறுச்சாமி ஐயா மைக்கைப் பிடித்துவிட்டார், கலைமன்றத்தின் செயலாளர், வரவேற்புரை ஆரம்பித்துவிட்டது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படி எழுந்து நிற்பது, எழுந்து நின்றால் நாற்காலி தரையில் உரசிச் சத்தம் போடும், எல்லாரும் திரும்புவார்கள், அப்புறம் நான் வெறுமனே நின்றுகொண்டிருப்பேன்.

“நம்ம கோயமுத்தூருக்கு மில்லும் மோட்டாரும் மட்டுந்தான் தெரியும்னு பேசறவிங்களுக்கு நம்ம மன்றம் சொல்ற பதிலுங்க இது” என்கிறார் ஆறுச்சாமி ஐயா. கைதட்டுகிறார்கள். கைதட்டினால் தரை அதிருமா. கடப்பைக் கல் தரை, கறுப்பு, நேற்றுத்தான் துடைத்து மினுக்கியிருக்கிறார்கள். கால்களுக்கும் கறுப்புச் சாயம் நான்தான் அடித்தேன், தரையோடு தரையாகக் கலந்துவிட வேண்டும் என்று, மேலே ஒற்றைத் தூணும் பலகையும் மட்டும் தெரிய வேண்டும், அதுவும் அதிகம் தெரியக் கூடாது, பார்க்கிறவர் கண் நேராகக் கல்லுக்குப் போய்விட வேண்டும் என்று. வரைந்து வரைந்து அழித்ததெல்லாம் அதற்காகத்தான். முதலில் பெட்டி மாதிரி வரைந்தேன், எமில்டா அக்கா பார்த்துவிட்டு, “ஏட்டி, இது என்ன, அரிசிப் பொட்டியா? எம்புள்ளய அரிசிப் பொட்டி மேலயா நிக்க வைப்பே?” என்றாள். அடுத்து நான்கு கால்கள் வைத்து வரைந்தேன், அது டீக்கடை மேசை ஆகிவிட்டது. பீடம் என்று நான் எழுதியிருந்ததைக்கூட அடித்துவிட்டாள். “பீடம்னு சொல்லாத. பீடம்னு சொன்னா நம்ம ஆளுக கும்பிட்டுருவாங்க. ஸ்டாண்டுன்னே சொல்லு.” கல்லின் அடியில் துளை போட்டு ஒரு இரும்புக் கம்பி செருகிக்கொள்ளலாமா என்று கேட்டேன், மெதுவாகத்தான் கேட்டேன், அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை. “ஓட்டை கீட்டை போட நெனச்சே, கொன்னுருவேன்.” கேட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கம்பி இருந்திருந்தால் கல்லைத் தனியாகத் திருப்பியிருக்கவே முடியாது. துளைக்குப் பதில் பலகையில் ஆழமில்லாமல் ஒரு பள்ளம் வெட்டினேன், கல்லின் அடிப்பகுதி உட்கார. நீள்வட்டம். நீள்வட்டத்தை அரைச்சுற்று திருப்பினாலும் அதே நீள்வட்டம்தான். கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், திருப்பினவர்களுக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது.

எனக்கு முன்னால் இருக்கிற இரண்டு பேர் தலையைச் சாய்த்துப் பேசிக்கொள்கிறார்கள், மன்றத்து ஆட்கள், சட்டையில் துணிப்பூ குத்தியிருக்கிறார்கள். “காலைல வந்ததும் ஆறுச்சாமி அண்ணன் போட்ட சத்தம் இருக்குதே! தெக்கப் பாத்து நிக்க வெச்சிருக்கறீங்களே, எமன் தெசையில்லயா அது, குத்துவெளக்கு ஏத்தற எடத்துல இதென்ன கூத்துன்னு.” “அது சாமி சிலை இல்லீங்களே, யாரோ ஒரு பொம்பள தலை துவட்டறா.” “தலை துவட்டறவளுக்கும் தெசை உண்டுங்க. அதுமில்லாம நமக்கு முதுகைக் காட்டிட்டு நின்னா நல்லாவா இருக்குது? ஆளுங்களக் கூப்புட்டுத் திருப்பியாச்சு. அப்பப்பா, என்ன கனங்கறீங்க!” “மேசையோடவா?” “மேசையை எதுக்குங்க? மேசைக்கு என்ன முன்னாடி, பின்னாடி?” இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இவர்களிடம் சொல்லலாம். கை எட்டும் தூரம். சட்டைத் தோளைத் தொட்டால் போதும். ஆனால் என்னவென்று ஆரம்பிப்பது, அண்ணா என்றா, சார் என்றா, அவர் திரும்பி “யாரும்மா நீங்க?” என்று கேட்டால் நான் யார். இந்த ஸ்டாண்டைச் செய்தவள் என்று இந்த மண்டபத்தில் எமில்டா அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அங்கே, விளக்கேற்ற வந்திருக்கும் விருந்தினர் அம்மாவுக்குப் பக்கத்தில், பட்டுப்புடவை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு, சிலையிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். அவளுக்குக்கூடக் கால்களைப் பற்றித் தெரியாது. முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அலட்டிக்கொள்கிற மாதிரி இருக்குமோ என்று தோன்றியது. நேற்று கல்லை ஏற்றும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், தூக்குகிறவர்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வகுப்பு எடுக்கவா முடியும், சரியாகத்தானே வைத்தார்கள், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ‘முன்’ என்று எழுதித்தான் வைத்திருக்கிறேன். பென்சிலால். பலகைக்கு அடியில். தரையில் மல்லாந்து படுத்தால் படிக்கலாம்.

காலையிலிருந்து நிற்கிறது. விழுவதாக இருந்தால் திருப்பிய உடனே விழுந்திருக்கும், இவ்வளவு நேரம் நிற்கிறதென்றால் நிற்கும் என்றுதானே அர்த்தம், வேங்கை மரம், நல்ல கனம், அந்தக் கனமே பிடித்துக்கொள்ளும். இப்படி நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆறுச்சாமி ஐயாவைக் கவனிக்கிறேன். நன்கொடையாளர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காதில் விழுகிறது, உள்ளே போகவில்லை. உள்ளே ஸ்டாண்டைச் செய்த மாமாவின் தச்சுப் பட்டறைதான் ஓடுகிறது. வேங்கை மரத்தூள் வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் மஞ்சளாக இருக்கும், வீட்டுக்குப் போனால் அம்மா, “என்னடி, யாரு பொண்ணு பாக்க வந்தாங்க, இப்படி மஞ்சள் பூசியிருக்கே” என்பாள். கல்லூரியில் உள்ளரங்க வடிவமைப்பு படித்தபோது காகிதத்தில் மட்டும் வரைந்த நான் இழைப்புளியைப் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்து மாமாவுக்கு ஒரே சிரிப்பு. “ஏம்புள்ள, மரத்தை இழைக்கறயா, தாலாட்டறயா?” செய்து முடித்த அன்று எடை தாங்குகிறதா என்று பார்க்க மணல் மூட்டைகளை ஏற்றினோம். அது போதாதென்று மாமாவே பலகை மேல் ஏறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சிலையைப் போலவே குனிந்து தலை துவட்டிக் காட்டினார். “எப்படி, உங்க எமில்டா அக்கா செதுக்கினதை விட நான் அழகு இல்லயா?” ஸ்டாண்டு அசையவில்லை. பட்டறையே சிரித்தது. அப்புறம் சும்மா, விளையாட்டுக்கு, குட்டைக் கால் பக்கமாகத் திரும்பிக் குனிந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அதுதான். அதை நான் ஏன் இவ்வளவு நேரம் நினைக்காமல் இருந்தேன். ஒன்றுமே ஆகாமல், உறுதியாக நின்றது. பிறகு துண்டு நழுவியது, பிடிக்கக் கையை நீட்டினார், நீட்டின கையின் கனத்துக்கு எல்லாம் மொத்தமாகச் சாய்ந்தது. மாமா குதித்துவிட்டார். “அடிப்பாவி, மாமனைக் கொல்லப் பாத்தயா!” அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமாவுக்குக் குதிக்கத் தெரியும்.

மாலை. எவர்சில்வர் தட்டில் ஒரு ரோஜா மாலை வைத்திருக்கிறார்கள், மணிக்கட்டுத் தடிமன், தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரம் சொட்டுகிறது. யாருக்கு அது. விருந்தினர் அம்மாவுக்கு ஏற்கெனவே சால்வை போட்டுவிட்டார்கள். தட்டு சிலைப் பக்கம்தான் இருக்கிறது. விளக்கேற்றிவிட்டு மாலையைச் சிலைக்குப் போடப் போகிறார்கள். குனிந்திருக்கிற தலைக்கு மாலை போட்டால் அது கூந்தல் நுனி வரை வழுக்கி வந்து தொங்கும், பாரம் எல்லாம் இன்னும் முன்னால், நீட்டின கை மாதிரி. போட்டவர் சும்மா இருக்க மாட்டார், பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அவரைப் பார்த்து அடுத்தவர், தொடுகிறபோது எல்லாரும் கொஞ்சம் இழுப்பார்கள், தெரியாமலே இழுப்பார்கள். பார்ப்பதற்குத்தான் நான் ஸ்டாண்டு செய்தேன். தொடுவதற்குச் செய்யவில்லை. வீட்டில் ஒரு முறை ஆட்டுக்கல் குழவி அம்மாவின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அது இடுப்பு உயரத்திலிருந்துகூட இல்லை, கழுவித் தூக்கி வைக்கும்போது வழுக்கி, முழங்கால் உயரம்தான். அம்மா கத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றாள், சத்தம் எல்லாம் குழவி போட்டதுதான். நகம் நாவற்பழ நிறத்துக்கு மாறிப் பிறகு தானாக விழுந்தது. ஒரு குழவி. இவள் எத்தனை குழவிக்குச் சமம். வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டாம்.

ஜமுக்காளத்தில் இருக்கிற பிள்ளைகளில் ஒருத்தி, ரிப்பன் அவிழ்ந்தவள், முட்டியில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தவள், அலுத்துப்போய் நகர்ந்து நகர்ந்து பின்னால் போய் ஸ்டாண்டின் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கூந்தல் அவள் உச்சந்தலைக்கு நேர் மேலே தொங்குகிறது, அண்ணாந்து பார்த்துச் சிரித்துப் பக்கத்துப் பிள்ளையிடம் என்னவோ சொல்கிறாள். எழுந்திரு. எழுந்திரு பாப்பா. உள்ளுக்குள்தான் கத்துகிறேன். எனக்கு எப்போதும் உள்ளுக்குள்தான் சத்தமாகக் கேட்கும். காந்திபுரத்தில் ஒரு தடவை பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் யாருமே இறங்கவில்லை, கண்டக்டர் போலாம் ரைட் என்றார், நான் இறங்கணும் என்று சொன்னேன், சொன்னதாகத்தான் நினைத்தேன், பஸ் போய்விட்டது, அப்புறம் உக்கடம் வரைக்கும் போய் வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வாயைத் திறப்பதற்குப் பதிலாக ஊரைச் சுற்றி வருகிறவள் நான். அது என் நேரம், என் கால்வலி, யாருக்கும் நஷ்டமில்லை. இது அப்படி இல்லை. ஓர நாற்காலியிலிருந்து ஸ்டாண்டு பக்கவாட்டில் தெரிகிறது. வாசல் வெளிச்சம் தரையில் பளபளக்கிறது. நீளமான கால்களின் நுனியைப் பார்க்கிறேன். வாசல் பக்கத்து நுனி. அதற்குக் கீழே, கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு கோடு. தரை சமமில்லாமல் இருக்கலாம். கடப்பைக் கல் பதிக்கும்போது ஏற்ற இறக்கம் இருக்கும். நேற்று நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேனே, சமமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தக் கோடு. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது. தபால் அட்டை நுழைகிற அளவு. கால் தரையில் இல்லை. தூக்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எது பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைதான். அவள் முதுகு. அவள் எங்கள் பக்கத்திலிருந்து வாசல் பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள், கல் வாசல் பக்கத்திலிருந்து எங்கள் பக்கமாகச் சாய்கிறது, நடுவில் அவள் முதுகெலும்பு. ஒருவேளை அப்படி இல்லை, ஒருவேளை அவள் சாய்ந்ததில்தான் கோடு இவ்வளவு மெல்லிசாக ஆகியிருக்கிறது, முதலில் பெரிதாக இருந்ததா, நான் பார்க்கவில்லையே. அவள் எழுந்தால் விழும். எழாவிட்டால் அவள் மேல் விழும். எழுந்திரு என்று சொல்வதா, எழுந்திருக்காதே என்று சொல்வதா, இங்கிருந்து கத்தினால் எல்லாப் பிள்ளைகளும் பதறி ஒரேயடியாக எழுந்துவிடும், யாராவது ஒருத்தி எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். கத்தாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது, அந்தக் குரலை எனக்குத் தெரியும், அதற்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும். “இத்துடன் என் உரையை முடித்துக்கொண்டு, குத்துவிளக்கேற்ற அம்மையார் அவர்களை அன்போடு அழைக்கிறேன். விளக்கேற்றும் நேரத்தில் மாணவிகள் எழுந்து நின்று...”

எழுந்துவிட்டேன். நாற்காலி கத்தியது. திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், நான் யாரையும் பார்க்கவில்லை, சினிமா கொட்டகையில் இருட்டில் போகிறவள் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு போகிறேன், கைப்பை எங்கோ விழுந்துவிட்டது, முன்வரிசைக்காரர், “ஏனுங், அந்தப் பக்கம் போங்” என்கிறார், ஜமுக்காளம் செருப்பில் மடிகிறது, ஒரு பிள்ளையின் விரலை மிதித்துவிட்டேனா, ஆ என்றது, முட்டி போட்டு அந்த ரிப்பன் அவிழ்ந்தவளின் தலைக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் தூணில் வைத்து அழுத்துகிறேன். என் முகத்துக்கு மேலே கல் கூந்தல். இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை, உளி போன தடம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. “அக்கா, இது எங்க எடம்” என்கிறாள் பிள்ளை. “தெரியும் பாப்பா. நீ எந்திரிக்காத. உக்காந்தபடியே மெதுவா அந்தப் பக்கம் நகரு.” “மிஸ் எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க, திட்டுவாங்க.” “நான் சொல்லிக்கறேன். இதைத் தொடாம நகரு, கண்ணு.” என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மைக்கில் ஆறுச்சாமி ஐயாவின் குரல், “அம்மிணி, கொஞ்சம் பொறுங்க, வெளக்கு ஏத்தினதுக்கப்பறம் எல்லாரும் கும்பிட்டுக்கலாம்.” மண்டபம் சிரிக்கிறது. விருந்தினர் அம்மாவும் சிரிக்கிறார்கள், நல்ல சிரிப்பு, கையில் மெழுகுவத்தி. பிள்ளையின் முதுகு தூணை விட்டு விலகியது. விலகினதும் அந்தப் பாரம் என் கைகளுக்கு வந்தது. பலமான தள்ளல் இல்லை. உறங்கிக்கொண்டிருக்கிற ஆள் தோளில் சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், ஆனால் சாய்வதை நிறுத்தாமல்.

“கல்லு விழுகுது!” என்றேன். யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. “புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க, கல்லு விழுகுது, எல்லாரும் தள்ளிப் போங்க!” சிரிப்பு நிற்க நேரம் எடுத்தது. பாவாடைகள், சின்னக் கால்கள், யாரோ ஒரு டீச்சர் “ஐயோ” என்று பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிற சத்தம், ஜமுக்காளம் என் முட்டிக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு போகிறது, சாய்வு இன்னும் கூடுகிறது, கடப்பைத் தரையில் முட்டி வழுக்குகிறது. ஓடிவிடலாம். பிள்ளைகள் போய்விட்டார்கள், இப்போது நான் மட்டும்தான் கீழே, விட்டுவிட்டு ஓடினால் கல் மட்டும்தான் உடையும். கல்தானே. “ஏட்டி சுபா, என்னட்டி செய்யுத?” எமில்டா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். “மாத்தி வெச்சிருக்காங்க அக்கா. கால் அந்தப் பக்கந்தான் நீளம். இந்தப் பக்கம் குட்டை.” அவள் குனிந்து தரையைப் பார்க்கிறாள். இத்தனை நாளில் என் ஸ்டாண்டின் கால்களை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. “இத ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல?” என்றாள், பதிலுக்கு நிற்கவில்லை, மார்போடு சேர்த்துக் கூந்தலை அணைத்துக்கொண்டு, “ஆம்பளைங்கல்லாம் என்ன வேடிக்கை பாக்கீங்க, வந்து தூக்குங்க!” என்று கத்தினாள். துணிப்பூ குத்தினவர்கள் ஓடி வருகிறார்கள், ஆறுச்சாமி ஐயா மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார், மைக் தரையில் விழுந்து வீல் என்று கத்துகிறது, என் தலைக்கு மேலே கைகள், வியர்வை, திருநீறு வாசனை, “அண்ணா, அடியில கை குடுங்க”, “பாத்து, பாத்து”, “ஒண்ணா, தம் கட்டி”. கல் பள்ளத்திலிருந்து எழும்புகிற ஒலி பலகை வழியாக என் எலும்புக்குள் இறங்குகிறது.

அப்புறம் யாரோ, “வெச்சாச்சு” என்கிறார்கள். “தரையில வெச்சாச்சுங்க, ஒண்ணும் ஆகல.” ரிப்பன் அவிழ்ந்த பிள்ளை எங்கேயோ அழுகிறது, பயத்தில் அழுகிற அழுகை, வலியில் இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். எமில்டா அக்கா என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய மூச்சு என் காதில் படுகிறது. “எறக்கியாச்சுட்டி. விடு.” கேட்கிறது. நன்றாகத்தான் கேட்கிறது. “விடு சுபா. ஸ்டாண்டு மேல ஒண்ணும் இல்ல.” நிமிர்ந்து பார்க்கிறேன், பலகைக்கு மேலே விட்டம் தெரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, கூந்தல் இல்லை. “விட்டுட்டேன் அக்கா” என்கிறேன். கைகள் இன்னும் மரத்தின் மேல்தான் இருக்கின்றன.